ஆள் இல்லாத சாஃப்ட்வேர் புறம்போக்கு நிலமல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அம்மாபேட்டை நெசவு டிசைனர் ஒருவர் எழுதிய கடிதத்தையும் அதற்கு மறுவாரம் வந்த இரண்டு பதில்களையும் படித்தேன். பல வருடமாக டாபி (ஊடைக்கு ஊடை தறியின் விழுதுகளைத் தூக்கும் கருவி) பார்டர் போட்டுக்கொண்டிருந்த ஷேர்வேர் புரோகிராம் (முதலில் இலவசமாக ஓட்டிப் பார்த்து, பிறகு பணம் கட்டிப் பதிவு செய்வது) திடீரென்று "சோதனைக் காலம் முடிந்தது, பதிவு செய்யவும்" என்று நின்றுவிட்டது. புரோகிராமை எழுதியவருக்கு மெயில் அனுப்பினால் திரும்பி வருகிறது. அவருடைய வெப்சைட் இருந்த இடத்தில் சூதாட்ட விளம்பரம் ஓடுகிறது. என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தார்.

ஒரு பதில், "ஆளே இல்லாத சாஃப்ட்வேர் புறம்போக்கு மாதிரி. விவரம் தெரிந்த பையன் யாரையாவது விட்டு உடைத்துக்கொள்ளுங்கள்" என்றது. இன்னொருவர், புரோகிராமோடு வந்த ரீட்மீ பைலில் இருந்த, அதை எழுதியவரின் பெயர், வீட்டு முகவரி, போன் நம்பர் மூன்றையும் அப்படியே அனுப்பி, வெளிநாட்டுத் தமிழர்கள் இவரைத் தேடித் தரவேண்டும் என்று கேட்டிருந்தார். நீங்களும் அதை அச்சிட்டுவிட்டீர்கள். இரண்டுமே தப்பு. இரண்டாவதுதான் பெரிய தப்பு. அந்த முகவரி 90-களில் எழுதியது. இன்று அந்த வீட்டில் யார் குடியிருக்கிறார்களோ, அந்த நம்பர் யாரிடம் இருக்கிறதோ!

ஆளைத் தேடுவதற்கு முன்னால், ஆள் உண்மையிலேயே தேவையா என்று பார்க்கவேண்டும். கம்ப்யூட்டரைத் திறந்து மதர்போர்டில் ரூபாய்க் காசு அளவில் இருக்கும் பேட்டரியைப் பாருங்கள். சி.ஆர்.2032 என்று அதன்மேல் எழுதியிருக்கும், 3 வோல்ட். மல்டிமீட்டர் வைத்தால் 2.7-க்குக் கீழே காட்டுகிறதா, மாற்றிவிடுங்கள். இந்தப் பேட்டரி தீர்ந்துபோனால் ஒவ்வொரு தடவை பிளக்கைப் பிடுங்கும்போதும் கம்ப்யூட்டரின் தேதி 1980-க்கோ அந்த போர்டு செய்த வருடத்துக்கோ போய்விடும். பல ஷேர்வேர் புரோகிராம்கள் தாங்கள் கடைசியாக ஓடிய தேதியைக் குறித்து வைத்திருக்கும். இன்றைய தேதி அதற்கு முந்தியதாக இருந்தால், சோதனைக் காலத்தை நீட்ட யாரோ கடிகாரத்தைத் திருப்பிவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டு கதவைச் சாத்திவிடும். தேதியைச் சரிசெய்தாலே திறந்துகொள்வதும் உண்டு. தேதி தவறிப்போய் எதிர்காலத்துக்குத் தாவியிருந்தால் மட்டும் இது உதவாது. வராத வருடம் ஒன்றைப் புரோகிராம் குறித்து வைத்திருக்கும். பழைய பேக்கப்பிலிருந்து அந்தக் குறிப்பு பைலைத் திரும்ப வைத்தால்தான் சரியாகும்.

அடுத்தது, பணம் கட்டி வாங்கிய கீ, அதாவது புரோகிராமைத் திறக்கும் பதிவு எண். பழைய மிஷின் படுத்துவிட்டால் நம் ஊரில் எல்லோரும் செய்வது, புரோகிராம் இருக்கும் போல்டரை மட்டும் பென்டிரைவில் எடுத்து புது மிஷினில் போடுவது. கீ பெரும்பாலும் அந்த போல்டரிலேயே இருக்காது. விண்டோஸ் 3.1 காலத்துப் புரோகிராம் என்றால், விண்டோஸ் போல்டருக்குள் அதே பெயரில் ஐ.என்.ஐ பைல் ஒன்று இருக்கும். விண்டோஸ் 98 என்றால் ரெஜிஸ்ட்ரி என்ற அமைப்புப் பதிவேட்டில். அது விண்டோஸ் போல்டரில் சிஸ்டம் டாட், யூசர் டாட் என்ற இரண்டு பைல்கள்தான். எக்ஸ்.பி. என்றால் சிஸ்டம்32-க்குள் கான்ஃபிக் போல்டரில் சாஃப்ட்வேர் என்ற பைல், பயனரின் போல்டரில் என்.டி.யூசர் டாட். இவற்றை விட்டுவிட்டு வந்தால் புது மிஷினில் புரோகிராம் உங்களைத் தெரியாதவராகத்தான் பார்க்கும். பழைய டிஸ்க் ஓடும் நிலையில் இருந்தால் கீ அதற்குள்ளேயே படுத்திருக்கும்.

மூன்றாவது காரணத்தைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். சில புரோகிராம்கள் கீயை டிஸ்கின் வால்யூம் சீரியல் நம்பரோடு கட்டிப்போட்டிருக்கும். டாஸ் திரையில் 'வால்' (VOL) என்று அடித்தால் நான்கும் நான்குமாக எட்டு இலக்கம் வருமே, அதுதான். டிஸ்கை ஃபார்மேட் செய்தால் அந்த எண் மாறிவிடும். பைல்களைத் தனித்தனியாகக் காப்பி செய்தாலும் அது கூடவே வராது. டிஸ்கை முழுசாக, செக்டர் செக்டராக நகல் எடுத்தால் மட்டுமே வரும், ஏனென்றால் அது பூட் செக்டருக்குள் எழுதியிருப்பது. ஆகவே முதல் வேலை, டிஸ்கின் முழு நகல். பழைய டிஸ்கைக் கழற்றி யு.எஸ்.பி. அடாப்டரில் மாட்டி, லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற கருவியால் எடுக்கவேண்டும். அது படிக்க வருவதை முதலில் எடுத்துவிட்டு, மோசமான இடங்களுக்குக் கடைசியில்தான் திரும்பும். சாதாரணக் காப்பி கெட்டுப்போன செக்டரிலேயே முட்டிக்கொண்டு நிற்கும், டிஸ்கின் கடைசி மூச்சும் அங்கேயே போய்விடும். சுழலும்போது டக்டக்கென்று சத்தம் வந்தால் நீங்களே முயலாதீர்கள்.

பிளாப்பியில் இருந்தால் வேறு கதை. ஏற்காட்டு எஸ்டேட் அலுவலகங்களில் காபி பறிக்கும் கூலிக் கணக்கு இன்னும் பிளாப்பியில் இருப்பதைக் காணலாம். மலைப் பனியில் பூஞ்சை பிடிப்பது சகஜம். இரும்பு ஷட்டரைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு நடுவட்டத்தை விரலால் சுற்றிப் பாருங்கள். மங்கலான புள்ளிகள் தெரிந்தால் டிரைவில் போடவே கூடாது. பூஞ்சை ஹெட்டில் ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல பிளாப்பியையும் கீறிவிடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் மெதுவாகத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு ஒரே தடவை படித்து நகல் எடுத்துவிடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் கீ கிடைக்கவில்லை என்றால்தான் எழுதியவரைத் தேடவேண்டும். அந்தத் தேடல் கூகுளில் தொடங்குவதில்லை, உங்கள் டிஸ்கிலேயே தொடங்குகிறது. புரோகிராமின் பெயரை மட்டும் அடித்துத் தேடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. அந்தப் பெயரில் பத்து புரோகிராம்கள் இருக்கும். அதில் பாதி நேற்று வந்த மொபைல் ஆப்.

நீங்கள் முதன்முதலில் வாங்கிய ஜிப் பைலோ செட்டப் டிஸ்கோ இருந்தால் அதைத் திறந்து, புரோகிராமை விட்டுவிட்டு பக்கத்தில் இருக்கும் சின்ன டெக்ஸ்ட் பைல்களைப் பாருங்கள். பைல்-ஐடி-டிஸ் (FILE_ID.DIZ) என்று ஒன்று இருக்கும். 45 எழுத்து அகலம், 10 வரிக்குள் புரோகிராமைப் பற்றிய சுருக்கம். மோடம் வழியாகப் பைல் எடுக்க உதவிய அன்றைய புல்லட்டின் போர்டுகள் அதை எடுத்துத்தான் பட்டியலில் காட்டின. அதே சுருக்கம் பல பழைய சி.டி. பட்டியல்களிலும் இருக்கும் என்பதால், அதில் ஒரு வரியை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடினால் பெயரால் கிடைக்காதது கிடைக்கும். ரெஜிஸ்டர் அல்லது ஆர்டர் என்ற பெயரில் இருப்பது பணம் அனுப்பும் படிவம். அதில் தபால் முகவரி இருக்கும், தொகை இருக்கும், சில நேரம் எழுதியவருக்குப் பதிலாகப் பணம் வாங்கிக் கொடுத்த ஏஜென்சியின் பெயரும் இருக்கும். அப்படிப்பட்ட ஏஜென்சியான அமெரிக்காவின் காகி 2016-ல் மூடிவிட்டது. மூடிய ஏஜென்சியின் பெயரும் வீண் இல்லை. எழுதியவர் எந்த ஊர்ப் பக்கம் இருந்தார், எந்த வருடம்வரை விற்றார் என்று அது சொல்லும். 90-களின் கடைசியிலிருந்து வந்த புரோகிராம்களில் 'பேட்' என்ற எக்ஸ்.எம்.எல். பைல் ஒன்று உடன் வரலாம். ஷேர்வேர் எழுதுகிறவர்கள் சங்கமே வகுத்த வடிவம் அது. பெயர், நிறுவனம், தொடர்பு மெயில் எல்லாம் தனித்தனிக் கட்டத்தில் கிடைக்கும்.

ஆனால் எனக்குப் பிடித்தது 'வாட்ஸ்நியூ' அல்லது 'ஹிஸ்டரி' என்ற பைல்தான். ஒவ்வொரு வெர்ஷனிலும் என்ன மாறியது என்ற பட்டியல். யாரும் படிப்பதில்லை. "இந்தப் பிழையைச் சொன்ன இன்னாருக்கு நன்றி" என்று அதில் நாலைந்து இடத்தில் வரும். எழுதியவர் மறைந்துவிடுவார், பிழை சொன்னவர் மறைவதில்லை. அவர் வாடிக்கையாளராக, நெசவுப் பள்ளி ஆசிரியராக, பக்கத்து ஊர்க்காரராக இருந்திருப்பார். எழுதியவருக்கு எழுதுவதைவிட இவருக்கு ஒரு மரியாதையான கடிதம் எழுதினால் பதில் வர வாய்ப்பு அதிகம்.

அடுத்து தேதிகள். ஜிப்புக்குள் இருக்கும் பைல்களின் தேதியில் மிகப் புதியது எதுவோ, அதுதான் அந்த வெர்ஷன் வெளிவந்த நாளுக்கு அருகில் இருக்கும். எல்லா பைலுக்கும் நேரம் ஒரே மாதிரி 1:20 என்று இருந்தால் குழம்பாதீர்கள், எழுதியவர் இரவு ஒன்றரை மணிவரை விழித்திருக்கவில்லை. வெர்ஷன் 1.20 என்பதை நேரமாகப் போட்டிருக்கிறார். அது அன்றைய வழக்கம். புரோகிராமை ஓட்டும் எக்ஸி பைலுக்கு உள்ளேயும் ஒரு தேதி உண்டு. அது 1992 ஜூன் 19 என்று காட்டினால் நம்பவே நம்பாதீர்கள். எழுதிய கோடை எக்ஸியாக மாற்றும் டெல்ஃபி கம்பைலரின் பல வெர்ஷன்கள் செய்த பழைய கோளாறு அது. எந்த வருடம் கம்பைல் செய்தாலும் அந்த ஒரே தேதியைத்தான் பதித்தன. அதனால் உங்களுக்கு வேறு ஒன்று தெரிகிறது: எழுதியவர் டெல்ஃபிக்காரர். டெல்ஃபி எழுதுகிறவர்கள் கூடிப் பேசிய யூஸ்நெட் (இன்டர்நெட்டின் பழைய விவாத மேடை) குழுக்களின் பழைய பேச்சில் அவர் கேள்வி கேட்டிருக்கலாம். யூஸ்நெட்டின் பழைய சேமிப்பு 1981 வரை பின்னோக்கிப் போகிறது. கூகுள் குரூப்ஸில் இன்றும் தேடலாம். 2024 பிப்ரவரியோடு புதியவை அதில் சேர்வதுதான் நின்றது.

எக்ஸி பைலை அதற்குள் இருக்கும் எழுத்துகளை மட்டும் பிரித்துக் காட்டும் 'ஸ்ட்ரிங்ஸ்' போன்ற கருவியில் போட்டால் இன்னும் கிடைக்கும். விஷுவல் பேசிக்கில் எழுதியதாக இருந்தால் எழுதியவரின் கம்ப்யூட்டரில் அந்த புராஜெக்ட் எந்த போல்டரில் இருந்தது என்ற பாதை முழுவதும் உள்ளே தங்கிவிடும். போல்டரின் பெயரே ஆளின் பெயராக இருந்ததெல்லாம் உண்டு. கருவியில் போட்டால் ஒன்றுமே புரியாத எழுத்துக் குப்பை மட்டும் வந்தால், பைலை யு.பி.எக்ஸ். போன்ற கருவி கொண்டு சுருக்கியிருக்கலாம். யு.பி.எக்ஸ். என்றால் அதே கருவியிலேயே 'டி' கட்டளை கொடுத்து விரித்துவிட்டுத் திரும்பப் பாருங்கள். நகலில் செய்யுங்கள், மூலத்தைத் தொடாதீர்கள்.

பழைய முகவரிகளைப் படிக்கவும் ஒரு பழக்கம் வேண்டும். 7-இல் தொடங்கும் இலக்கங்களும் நடுவில் ஒரு கமாவும் இருந்தால் அது அந்நாளைய அமெரிக்க ஆன்லைன் சேவையான கம்ப்யூசர்வின் எண். இன்டர்நெட் மெயிலாக மாற்றும்போது கமா புள்ளியாகும். அங்கே இப்போது யாரும் இல்லை, ஆனால் அந்த எண்ணை அப்படியே தேடினால் அதே ஆள் வேறு இடங்களில் எழுதியது அகப்படும். இந்தியர் எழுதியதாக இருந்து, மெயில் முகவரியில் @ குறிக்குப் பின் 'ஜியாஸ்' (gias) என்று தொடங்கினால் அது அன்றைய அரசு நிறுவனமான வி.எஸ்.என்.எல். தந்த இன்டர்நெட் இணைப்பு. 1995 ஆகஸ்ட் 15-க்குப் பிந்தியது. அடுத்து வரும் இரண்டெழுத்து ஊரைச் சொல்லும்: எம்.டி. என்றால் சென்னை, பி.எம். பம்பாய், பி.ஜி. பெங்களூரு, டி.எல். டெல்லி. சேலம் போன் நம்பர் ஆறு இலக்கமாக இருந்தால் முன்னால் 2 சேர்த்தால்தான் இன்றைய கணக்கு. ஜெர்மனி முகவரியில் பின்கோடு நான்கு இலக்கமாக இருந்தால் அது 1993 ஜூலைக்கு முந்தியது. அதன்பிறகு அங்கே ஐந்து இலக்கம். இப்படி ஒவ்வொன்றும், அந்த முகவரி எந்தக் காலத்தில் உண்மையாக இருந்தது என்று சொல்லுமே ஒழிய இன்று அந்த ஆள் அங்கே இருக்கிறார் என்று சொல்லாது.

வெப்சைட் போய்விட்டது என்று விட்டுவிடவும் வேண்டாம். வேபேக் மெஷின் என்ற தளம் 1996-லிருந்து பக்கங்களைச் சேமித்து வைத்திருக்கிறது. அங்கே முகவரியைப் போட்டால் வருட வாரியாகக் கட்டம் வரும். எல்லோரும் முதல் பக்கத்தின் கடைசி வருடத்தைத் திறப்பார்கள், சூதாட்டப் பக்கம்தான் வரும். அதற்கு முந்தி, சூதாட்டம் இல்லாத கடைசி வருடத்தைப் பிடியுங்கள். "நாங்கள் இடம் மாறிவிட்டோம்", "இனி இதை இன்ன நிறுவனம் விற்கும்", "ஓய்வு பெறுகிறேன், இதோ இலவசக் கீ" என்பதெல்லாம் அந்தக் கடைசி வருடப் பக்கத்தில்தான் இருக்கும். பெரிய நிறுவனத்துக்கு விற்றிருந்தால் நீங்கள் ஆளைத் தேடுவதே வீண், உரிமை அங்கே போய்விட்டது. முகவரிக்குப் பின்னால் நட்சத்திரக்குறி போட்டால் அந்தத் தளத்தில் சேமித்த எல்லா பைல்களின் பட்டியலும் வரும். மறந்துபோன கடைசி வெர்ஷனின் ஜிப் அங்கே கிடைப்பது உண்டு. டொமைன் யார் பெயரில் என்று ஹூயிஸில் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால், 2018 மே மாதத்திலிருந்து பெயர்கள் மறைக்கப்படுகின்றன என்று சொல்லுங்கள். மேலும் இன்று டொமைனை வைத்திருப்பவர் சூதாட்டக்காரர். அவரிடம் கேட்டு என்ன ஆகப்போகிறது?

ஆள் அகப்பட்டுவிட்டார் என்று வையுங்கள். என்ன எழுதுவது என்பதில்தான் பாதிக் காரியம் கெடுகிறது. "ஐயா, உங்கள் சாஃப்ட்வேர் வேலை செய்யவில்லை, சோர்ஸ் கோடு அனுப்புங்கள்" என்று எழுதினால் பதில் வராது. 25 வருடத்துக்கு முன் எழுதிய கோடு அவரிடமே இருக்காது. இருந்தாலும் அன்றைய கம்பைலர் இருக்காது. முதல் வரியில் புரோகிராமின் பெயர், வெர்ஷன், பைல் தேதி எழுதுங்கள். இரண்டாவது வரியில் பதிவுக் கட்டணத்தைக் கட்டத் தயார் என்று எழுதுங்கள். இது முக்கியம். அந்நியச் செலாவணியைக் கட்டுப்படுத்திய ஃபெரா சட்டம் இருந்த காலத்தில் நம் ஊரிலிருந்து 20 டாலர் அனுப்புவது லேசான காரியமாக இல்லை, 2000 ஜூனில் அதற்குப் பதிலாக ஃபெமா சட்டம் வந்த பிறகுதான் தளர்ந்தது. பத்திரிகையோடு வந்த சி.டி.யிலிருந்து ஏற்றி, கட்டணம் கட்டாமலே பல வருடம் ஓட்டியவர்கள் நம்மில் நிறையப் பேர். அதை மறைக்க வேண்டாம், கட்டவில்லை என்றால் கட்டவில்லை என்று எழுதுங்கள். பிறகு கேட்பது: ஒரு கீ. அது முடியாவிட்டால், இந்த வெர்ஷனை இலவசமாகப் பயன்படுத்தவும் பகிரவும் அனுமதி. அதுவும் முடியாவிட்டால், டிசைன் பைல் எந்த அமைப்பில் எழுதப்படுகிறது என்ற விளக்கம். இந்த வரிசையிலேயே கேளுங்கள்.

அனுமதி தருகிறேன் என்று சொன்னால் வாய்ப்பேச்சில் விட்டுவிடக் கூடாது. "இன்ன புரோகிராமின் இன்ன வெர்ஷன்வரை, மாற்றம் செய்யாத நிலையில், யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தவும் நகலெடுத்துக் கொடுக்கவும் அனுமதிக்கிறேன். பதிவுப் பெயரும் கீயும் கீழே" என்ற நான்கு வரியை நீங்களே எழுதி அனுப்பி, அதை அப்படியே திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். அந்த மெயிலை டெக்ஸ்ட் பைலாக ஜிப்போடு சேர்த்து வைத்தால் அடுத்த ஆள் திரும்பத் தேட வேண்டாம். எக்ஸி பைலை மெயிலில் இணைக்காதீர்கள், ஸ்பாமில் விழும். இரண்டு வாரம் கழித்து ஒரு நினைவூட்டல். அதற்கும் பதில் இல்லை என்றால் நிறுத்திவிடவேண்டும்.

நானே எழுதியவன் என்று வருகிறவர்களும் உண்டு, பணம் கேட்பார்கள். சோதனை எளிது. உங்கள் பெயருக்கு ஒரு கீ போட்டுத் தரச் சொல்லுங்கள். உண்மையான ஆளிடம் கீ உண்டாக்கும் கருவி இருந்தால் நிமிடத்தில் வரும், புரோகிராம் ஏற்றுக்கொள்ளும். கருவி டிஸ்கோடு போய்விட்டது என்றால் அவர் ரீட்மீயில் உள்ள பழைய விவரங்களை நீங்கள் சொல்லாமலே சொல்லக்கூடியவராக இருப்பார். இதனால்தான் அந்த விவரங்களைப் பத்திரிகையில் போடக்கூடாது. போட்டுவிட்டால் அப்புறம் எதை வைத்துச் சோதிப்பது?

இன்னொரு காரணமும் இருக்கிறது. மறைந்துபோகிறவர்கள் எல்லோரும் அலட்சியத்தால் மறைவதில்லை. ஷேர்வேர் முறைக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவரான ஆண்ட்ரூ ஃப்ளூகல்மன், 1982-ல் பி.சி.-டாக் என்ற மோடம் புரோகிராமை வெளியிட்டவர், 1985 ஜூலையில் காணாமல் போனார். சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்தருகே அவருடைய கார் மட்டும் நின்றது. நீங்கள் தேடுகிறவர் இறந்திருக்கலாம், படுக்கையில் இருக்கலாம், பழைய வேலையைப் பற்றி யாரும் கேட்கக் கூடாது என்று நினைக்கலாம். குடும்பத்தாருக்கு எழுத நேர்ந்தால் முதல் கடிதத்தில் கீயைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

புறம்போக்கு என்றவருக்கு ஒரு வார்த்தை. பட்டாதாரர் ஊரில் இல்லை என்பதால் நிலம் புறம்போக்கு ஆகிவிடுவதில்லை. பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டத்தில் கம்ப்யூட்டர் புரோகிராம் இலக்கியப் படைப்பில் சேரும். எழுதியவர் வாழ்நாள் முழுவதும், இறந்தபிறகு 60 வருடமும் உரிமை நிற்கும், வாரிசுக்குப் போகும். அதேசமயம் அந்தச் சட்டம் நம் கையை முழுசாகக் கட்டவும் இல்லை. சட்டப்படி வைத்திருக்கும் புரோகிராமுக்குப் பாதுகாப்பு நகல் எடுக்கலாம். வேறொரு புரோகிராமோடு இணைந்து இயங்கத் தேவையான தகவல் எளிதாக வேறு வழியில் கிடைக்காவிட்டால் உள்ளே பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். இரண்டும் 52-ஆவது பிரிவில் இருக்கின்றன. உரிமையாளரைக் கண்டுபிடிக்கவே முடியாத படைப்புகளுக்கு 31ஏ பிரிவின் கீழ் வெளியிட உரிமம் கேட்டு விண்ணப்பிக்கவும் வழி உண்டு. ஆனால் அதற்கு முன் நாட்டின் பெரும்பகுதியில் விற்பனையாகும் ஆங்கில நாளிதழ் ஒன்றில் அறிவிப்புக் கொடுத்தாக வேண்டும். ஒரு டாபி டிசைனுக்காக அந்த அளவுக்குப் போவது கொசுவுக்குக் கோடாலி.

உண்மையில் அம்மாபேட்டை நண்பருக்கு வேண்டியது புரோகிராம் இல்லை, டிசைன்கள். டிசைன் பைல்களை நோட்பேடில் திறந்து பார்க்கட்டும். படிக்க முடிந்த எழுத்தாக, முதல் வரியில் சதுர அடைப்புக்குள் 'விஃப்' (WIF) என்று இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. அது நெசவு டிசைன்களுக்கான பொது வடிவம். தொடர்ந்து வெர்ஷன்=1.1, டேட்=ஏப்ரல் 20, 1997, பிறகு டெவலப்பர்ஸ் என்று ஒரு மெயில் முகவரி இருக்கும். இங்கேதான் எல்லோரும் ஏமாறுவது. அந்தத் தேதி டிசைன் போட்ட நாள் இல்லை, அந்த முகவரி புரோகிராம் எழுதியவருடையதும் இல்லை. இரண்டும் வடிவத்தை வகுத்தவர்களுடையவை, எல்லா விஃப் பைலிலும் ஒரே மாதிரிதான் இருக்கும். எழுதியவரைத் தேடுகிறவருக்கு வேண்டியது அதற்கு அடுத்த 'சோர்ஸ் புரோகிராம்', 'சோர்ஸ் வெர்ஷன்' என்ற இரண்டு வரி. கீழே 'லிஃப்ட்பிளான்' என்ற தலைப்பில் 1=1,3,5,7 என்று இருந்தால், முதல் ஊடைக்கு 1, 3, 5, 7-ஆவது விழுதுகள் மேலே போகும் என்று பொருள். டாபியில் ஆணி அடிக்கிறவருக்கு அந்த ஒரு தலைப்பே போதும். இன்று விற்கும் பல நெசவு சாஃப்ட்வேர்களும் விஃப்பைத் திறக்கும்.

   

விஃப் இல்லை, புரியாத எழுத்துகள்தான் என்றால், பழைய மிஷினின் முழு நகலை, பழைய டாஸ் கம்ப்யூட்டரைப் போலவே நடிக்கும் டாஸ்பாக்ஸ்-எக்ஸ் என்ற புரோகிராமில் ஓட்டி, டிசைனை ஒவ்வொன்றாகப் பிரிண்ட் கொடுங்கள். சாதாரண டாஸ்பாக்ஸில் பிரிண்டர் வராது, இதில் பைலாகவே விழும். 64-பிட் விண்டோஸில் டாஸ் புரோகிராமும் 16-பிட் விண்டோஸ் புரோகிராமும் நேராக ஓடாது. விண்டோஸ் 11 எல்லாமே 64-பிட். திறந்தவுடன் "ரன்டைம் எரர் 200" என்று நின்றால் அது கீ பிரச்சினை இல்லை. டர்போ பாஸ்கலில் எழுதிய புரோகிராம் புது மிஷினின் வேகத்தை அளக்கப்போய்த் தடுமாறுகிறது. டாஸ்பாக்ஸில் சைக்கிள் எண்ணை, அதாவது வேகத்தை, குறைத்தால் ஓடும். ஏற்காட்டுக் கூலிக் கணக்கு போன்றவை டி.பி.எஃப். என்ற பழைய டேட்டாபேஸ் பைல்களாக இருந்தால் இந்த வேலையே வேண்டாம், லிப்ரே ஆஃபீஸ் கால்க் நேராகத் திறக்கும். திறக்கும்போது எழுத்து வகை கேட்டால் மாற்றி மாற்றிப் பாருங்கள். புரோகிராமில் அழித்த வரிகள் பைலில் அழியாமல் நட்சத்திரக் குறியோடு தங்கியிருக்கும் என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

கடைசியாக, உங்களுக்கு. இனி இப்படிக் கடிதம் வந்தால் பெயர், முகவரி, நம்பரை நீக்கிவிட்டு, புரோகிராமின் பெயர், வெர்ஷன், ஜிப்புக்குள் இருக்கும் கடைசி பைல் தேதி, பைல்-ஐடி-டிஸ்ஸின் முதல் இரண்டு வரி, டிசைன் பைலின் பெயர் முடிவில் வரும் மூன்றெழுத்து இவற்றை மட்டும் போடுங்கள். அம்மாபேட்டை நண்பர் இந்த ஐந்தையும், கூடவே பேட்டரியில் மல்டிமீட்டர் எவ்வளவு காட்டியது என்பதையும் எழுதி அனுப்பினால், அடுத்து எந்தப் பக்கம் போகவேண்டும் என்று சொல்ல முடியும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அஸ்தம்பட்டி, சேலம் – 636007